ஆவியும் நெட்டையும்

ஆவியக்கா வீடு எது என்று யாராவது விசாரித்தால், அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். பேய் வீட்டுக்கா வழி கேட்கிறார் என்று தோன்றும். பழைய ஆட்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய லாண்டரியில், நீராவி இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். காலையில் உள்ளே போகும்போது ஒரு முகமும் சாயங்காலம் வெளியே வரும்போது வெந்து சிவந்த இன்னொரு முகமுமாக இருப்பாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை வரும். யாரோ விளையாட்டாக ஆவி என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஆவி என்றால் கூடவே நெட்டையும் உண்டு. இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லித்தான் லாண்டரியில் பழக்கம். நெட்டை ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்டூல் போடாமல் பல்பு மாட்டுவாள். ஆவியக்கா அவள் தோளுக்குக்கூட வர மாட்டாள். பஸ்ஸில் நெட்டை மேல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், ஆவியக்கா நெட்டையின் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். அளவுகோலும் அழிரப்பரும் வருது பாரு என்று டிரைவர் சொல்வார். அந்த டிரைவரைத்தான் பிற்பாடு ஆவியக்கா கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்து எடுக்கும்போது ஈரத்தோடு ஒவ்வொன்றும் பிணக்கனம் கனக்கும். ஒரு முனையை ஆவியக்காவும் மறுமுனையை நெட்டையும் பிடித்து, இழுத்து, உதறி, மடித்து இஸ்திரி மெஷினின் உருளைக்குள் விட வேண்டும். மெஷின் சத்தத்தில் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசப் பழகியிருந்தார்கள். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவரைப் பற்றியே பேசுவார்கள். அவர் திரும்பினால் இரண்டு பேரும் கொட்டாவி விடுவதுபோல வாயை மூடிக்கொள்வார்கள்.

மத்தியானம் ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும். ஒரே டப்பாவின் மூடியில் டீயை ஊற்றி மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். மழைக்காலத்தில் தெருவில் போகிறவர்கள் லாண்டரியின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் குளிர் காய்ந்துவிட்டுப் போவார்கள். உள்ளே இவர்களுக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கும். கஷ்டம்தான். ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து ஆவியக்காவுக்குக் கனவில் வருவது அந்த இடம்தான். மெஷின் ஓடும், நெட்டை எதிரே நின்று ஏதோ சொல்வாள், உதடு தெரியும், என்ன சொன்னாள் என்று புரிவதற்குள் விழிப்பு வந்துவிடும்.

லாண்டரியை மூடி இடித்துவிட்டார்கள். அதற்கப்புறமும் இரண்டு பேரும் வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஆவியக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். தெருவே வந்தது. பஸ் டிப்போவிலிருந்து வந்தார்கள். மேஸ்திரிகூடக் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். நெட்டை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. யாரிடமோ உடம்பு முடியவில்லை என்று சொல்லி அனுப்பியதாகக் காதில் விழுந்தது. உடம்பு முடியாமல் இருந்தால் என்ன, நான் செத்திருந்தாலும் இப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பாள் என்று ஆவியக்கா மனதை இறுக்கிக்கொண்டாள். அந்தப் பேரை அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

*

ஆவியக்கா மகளோடு இருந்தாள். மகள் கீழே பார்லர் வைத்திருந்தாள், மாடியில் வீடு. மகளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மற்றவர்கள் தலைக்குச் சாயம் பூசிப் பூசி அவளுடைய விரல் நகங்கள் பழுப்பேறியிருக்கும். மருமகன் சரக்குக் கப்பலில் வேலை என்பதால் வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார்.

விழுந்ததைச் சொன்னால் யாரும் விழுந்ததாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஈரக் காற்றில் ஜன்னல் கதவு இறுகிப் போயிருந்தது. ஆவியக்கா ஒரு கையால் இழுத்தாள். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது காலடியில் மிதியடி நழுவியது. கீழே உட்காருகிற மாதிரிதான் சரிந்தாள். கையை ஊன்றினாள். மணிக்கட்டில், காய்ந்த சுள்ளியை ஒடிக்கிறது போல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்ததிலிருந்து மகள் ஆளே மாறிவிட்டாள். மிதியடிகள் காணாமல் போயின. குளியலறையில் கைப்பிடி முளைத்தது. மாடிப்படிக்கு ஒரு சின்னக் கதவு போட்டாள், குழந்தை இருக்கிற வீட்டில் போடுவார்களே அது. கழுத்தில் எந்நேரமும் போனைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். அடுப்பங்கரைக்குப் போனால் கீழிருந்து குரல் வரும். பாத்திரம் சத்தம் போட்டாலே மேலே ஓடி வருவாள், பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஆவியக்கா சண்டை போட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். எழுந்திருக்கவே பயமாகிவிட்டது என்பதை மகளிடம் சொல்லவில்லை. தன் உடம்புக்குள்ளேயே யாரோ தெரியாத ஆள் குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். படம் வந்தபின் டாக்டரம்மா கூப்பிட்டுப் பேசினாள். இளம் வயதுதான். மேஜைமேல் தான் சாப்பிட வைத்திருந்த ரொட்டியைப் பிட்டுக் காட்டினாள். எலும்பும் உள்ளே இப்படித்தான் சின்னச் சின்ன ஓட்டையாக இருக்கும், வயசாக ஆக அந்த ஓட்டைகள் பெரிசாகிவிடும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் அது இன்னும் வேகமாக நடக்கும் என்றாள்.

"நான் உழைச்ச கட்டை டாக்டரம்மா. எனக்கு எப்படி இது வரும்?" என்று ஆவியக்கா கேட்டாள். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"உழைச்சதாலதான் இத்தனை வருஷம் தாங்கிச்சு. வேலையை விட்டு உட்கார்ந்தப்புறம்தான் அது தன் வேலையைக் காட்டுது. உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்கம்மா. உலகம் பூரா வயசானவங்களைக் கணக்கு எடுத்துப் பார்த்தா, ஏறக்குறைய அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கு. பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது. ஏதாவது உடைஞ்சாத்தான் தெரியும்."

அஞ்சில் ஒருத்தர் என்றால் ஒரு கைக்கு ஒரு விரல். ஆவியக்கா கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா மாத்திரை எழுதினாள். பால், முட்டை, கீரை, வெயிலில் நடை என்று அடுக்கினாள். கடைசியில் மகள் பக்கம் திரும்பி, நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பாற்ற நினைத்தால் எலும்பு இன்னும் மோசமாகும் என்றாள்.  நீங்களும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது மகள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மாத்திரை வாங்க மகள் போயிருந்தபோது ஆவியக்கா நடைவழி பெஞ்சில் காத்திருந்தாள். பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். தும்மியதில் விலா எலும்பு விரிசல் விட்டுப்போனதாம். இது பொம்பளைங்களுக்கு வர்றதுதானேம்மா என்று வெட்கத்தோடு கேட்டார். எதிர் பெஞ்சில் ஒரு கிழவி, கேள்விக்குறி மாதிரி வளைந்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்க முடியாமல் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஆவியக்காவையே பார்த்தாள். ஆவியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் கிழவி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆவி, என்றது உதடு.

ஆவியக்கா எழுந்து போனாள். கிழவியும் எழுந்தாள். எதிரெதிரே நின்றபோது இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. வாழ்நாளில் முதல் தடவையாக ஆவியக்கா அண்ணாந்து பார்க்காமல் நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். ஏன் வரவில்லை என்றுதான் கேட்க வைத்திருந்தாள். வந்தது வேறு.

"எங்கடி போச்சு உன் உயரமெல்லாம்?"

"முதுகெலும்பு ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கிப் போச்சாம். பிடிப்புன்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சுக்கிட்டுக் கிடந்தேன்" என்றாள் நெட்டை. கொஞ்சம் பொறுத்து, "உன் வீட்டுக்காரர் போனப்போ அப்படித்தான் கிடந்தேன்" என்றாள்.

*

வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கூடத்தில் வயசானவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது, ஒற்றைக் காலில் நிற்பது, சுவரில் முதுகை ஒட்ட வைத்துத் தோளை விரிப்பது. தபால்காரரும் வந்தார். ஆவியக்காவும் நெட்டையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பயிற்சி சொல்லித்தந்த பெண் விசில் வைத்திருந்தாள். அவள் திரும்பிய நேரம் பார்த்து இரண்டு பேரும் உதட்டை அசைத்துப் பேசிக்கொள்வார்கள். தபால்காரர் இவர்களுக்குப் பேச்சு வராது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

கட்டு அவிழ்த்தாகிவிட்டது. மகளும் மாடிப்படிக் கதவைக் கழற்றினாள், ஆனால் தூக்கி எறியாமல் சுவரில் சாய்த்து வைத்தாள். பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவள்தான். வழியில் கையைப் பிடித்தால் விட மாட்டாள். சின்ன வயசில் இவளை ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இப்போது வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறாள் என்று ஆவியக்கா நெட்டையிடம் சொன்னாள். நெட்டை சிரிக்கவில்லை. என்னை இழுத்துக்கிட்டுப் போக யார் இருக்கா என்று மட்டும் சொன்னாள். நெட்டை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிகளை வளர்த்தாள். அவர்கள் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் நெட்டை பயிற்சிக்கு வரவில்லை. மழைதானே என்று ஆவியக்கா முதலில் விட்டாள். வீட்டுக்கு வந்து போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையிலும் போட்டாள். அப்போது மணி அடிக்கவில்லை, போன் செத்துக் கிடந்தது. கீழே இறங்கி மகளிடம் சொன்னாள். மகள் யாரோ ஒருத்தியின் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இதை முடித்துவிட்டு நானே போய்ப் பார்க்கிறேன், தெரு பூரா வழுக்குகிறது, நீ வெளியே இறங்கினால் அவ்வளவுதான் என்றாள்.

ஆவியக்கா மாடிக்குப் போகிறவள் போலப் போனாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்படி வழியாக இறங்கினாள்.

ஒருகாலத்தில் பேசிக்கொண்டே கடந்த தூரம்தான் அது. பாலம், பழைய லாண்டரி இருந்த காலி இடம், ரொட்டிக்கடை, அதற்கடுத்த சந்து. அன்றைக்கு அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் வைத்து, பாதம் பதிந்ததா என்று பார்த்து அடுத்த காலை எடுத்தாள். சுவர் இருந்த இடத்தில் சுவரைப் பிடித்தாள், இல்லாத இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வேகமாகப் போன சைக்கிள்காரன் சேற்றை அடித்துவிட்டுப் போனான். விழுந்தால் இடுப்புதான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. விழுந்துட்டுப் போறேன் போ என்று அதற்குப் பதில் சொன்னாள்.

முன்கதவைத் தட்டினாள். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டபோது உள்ளே எங்கேயோ தரையில் கரண்டியால் தட்டுகிற சத்தம் மெலிதாக வந்தது. நெட்டையின் அடுப்பங்கரைக் கதவு சந்துப் பக்கம். சந்தில் பாசி. பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நகர்ந்து போய்க் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது.

நெட்டை அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே கிடந்தாள். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் குட்டையாகத் தெரிந்தது. பால் கொட்டித் தரையில் காய்ந்திருந்தது. மேஜை விரிப்பை இழுத்து மேலே போர்த்தியிருந்தாள். கையில் கரண்டி.

"பால் காய்ச்சினேன்" என்றாள். "டாக்டரம்மா சொன்னாளேன்னு."

ஆவியக்கா கழுத்தில் தொங்கிய போனில் முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகு மகளுக்குச் சொன்னாள். மகள் அந்தப் பக்கம் கத்தவில்லை. கத்தாதது என்னவோ போலிருந்தது.

"தூக்கி விடுடி ஆவி. தரை ஜில்லுனு இருக்கு."

ஆவியக்கா குனிந்து அக்குளில் கை கொடுக்கப் போனாள். அப்படியே நின்றாள். மணிக்கட்டு அவளை முந்திக்கொண்டு வேண்டாம் என்றது. எத்தனை ஈரத் துணியைத் தூக்கிய கை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தூக்கினா ரெண்டு பேரும் சேர்ந்து உடைவோம். அசைக்கவும் கூடாதாம், போன்ல சொன்னாங்க" என்றாள்.

கோட்டைக் கழற்றி நெட்டைமேல் போர்த்தினாள். மேஜைக்காலைப் பிடித்து மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பின் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். நெட்டையின் கை பனிக்கட்டியாக இருந்தது. அதை எடுத்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நெட்டை கூரையைப் பார்த்தபடி பேசினாள். படுத்தால்தான் அவளால் மேலே பார்க்க முடியும்.

"நான் வந்தேன்டி. அன்னைக்கு இல்ல, எழுந்து நடமாட ஆரம்பிச்சப்புறம் ஒருநாள். துக்கம் கேட்கலாம்னு உங்க தெரு வரைக்கும் வந்தேன். உங்க பார்லர் கண்ணாடியில ஒரு கூன்கிழவி தெரிஞ்சா. யாருடா இதுன்னு பார்த்தேன். நான்தான். அப்படியே திரும்பிட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீ என்னை நெட்டைன்னு கூப்பிடுவியே. அதைக் கேட்டுட்டு எப்படி நிப்பேன் அங்க?"

ஆவியக்கா இத்தனை நாள் கட்டிக்காத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் படுத்திருந்தாள். வீட்டுக்காரர் போன துக்கத்தைவிட இவள் வராத துக்கத்தைத்தான் அதிகம் அழுதிருந்தாள். அதை இப்போது சொன்னால் நெட்டை தாங்க மாட்டாள் என்று நினைத்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.  வயிற்றோடு வைத்திருந்த நெட்டையின் கை இறுகியது. தூங்கிவிடக் கூடாதே என்று ஆவியக்கா மேஸ்திரியின் கதைகளை எடுத்துவிட்டாள். மேஸ்திரியின் பொய்முடி உருளைக்குள் போய்த் தட்டையாக வெளியே வந்த கதைக்கு நெட்டை சிரித்தாள். சிரித்து வலியில் முனகி, வாயை மூடுடி சனியனே என்றாள்.

மகள் வந்தபோது இரண்டு கிழவிகளும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். வாசலில் நின்றபடியே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் உடையலைடி, சும்மா படுத்திருக்கேன்" என்றாள் ஆவியக்கா.

சாயம் அப்பிய கையோடு மகள் இருவருக்கும் நடுவே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். பெரியம்மா என்று நெட்டையைக் கூப்பிட்டாள். ஆவியக்கா வீட்டில் இத்தனை வருஷம் யாரும் சொல்லாத சொல் அது. அம்மாவை ஏன் வந்தாய் என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

*

இடுப்பில் மறுநாளே ஆபரேஷன் நடந்தது. தாமதித்தால் படுக்கையிலேயே நுரையீரல் கெட்டுவிடும் என்றார்கள். இந்த வயசில் இடுப்பு உடைந்த எத்தனையோ பேர் அப்புறம் எழுந்திருப்பதில்லை என்பதையும் சொன்னார்கள். ஆவியக்கா அதைக் கேட்டுக்கொண்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, பார்லருக்குப் பின்னால் சாயமும் துண்டும் அடைத்து வைத்திருக்கிற அறையைக் காலி செய்யப் போவதாகச் சொன்னாள். ஜன்னல் இருக்கிறது, படி ஏற வேண்டாம், பெரியம்மாவுக்கு அது சரிப்படும் என்றாள். ஆவியக்கா கேட்கவே இல்லை. எப்படிக் கேட்பது என்று அதுவரை யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்படியே நானும் அந்த ஸ்கேனை எடுத்துட்டு வந்துடறேன். மேல் மாடியிலதான் இருக்கு" என்று மகள் எழுந்து போனாள்.

அடுத்த நாள் நெட்டையை நிற்க வைக்க வந்தார்கள். பிடித்துக்கொண்டு நடக்கிற நான்கு கால் சட்டம் ஒன்றை முன்னால் வைத்தார்கள். நர்ஸ் ஒரு பக்கம், பயிற்சிப் பெண் ஒரு பக்கம். நெட்டை கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பயத்தில் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. நர்ஸ், எதிரே நின்ற ஆவியக்காவை அப்போதுதான் கவனித்தாள். வீட்டுக்குப் போனதும் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று தெரிய வேண்டும் அவளுக்கு.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

ஆவியக்கா யோசித்தாள். அக்காவா, தங்கையா, பக்கத்து வீடா. கூட வேலை பார்த்தவள் என்று சொன்னால் போதுமா என்று தெரியவில்லை.

"கூடப் பொறந்தவங்களா? சொந்தம் இல்லையா?" என்று நர்ஸ் மறுபடியும் கேட்டாள்.

தரையைப் பார்த்தபடி நெட்டைதான் பேசினாள்.

"அவ எனக்கு வேணும்."

"அதான் பாட்டி, என்ன வேணும்னு கேட்கறேன்."

"அதைத்தான் சொன்னேன். அவ எனக்கு வேணும்."

நர்ஸ் ஒரு கணம் பயிற்சிப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு நெட்டையின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவியக்கா சட்டத்துக்கு அந்தப் பக்கம் வந்து குனிந்து, நெட்டையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"பேசினது போதும். காலை ஊனுடி" என்றாள்.

நெட்டை காலை ஊன்றினாள்.